மைவிரல் போடாத கையெழுத்து

மைவிரல் என்ற பெயர் முதன்முதலில் காதில் விழுந்தது, கல்யாணப் பத்திரிகைக்கு முகவரி எழுதிக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில். கூடத்தில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து யார் யாருக்கு என்று சொல்லச் சொல்ல, ஒருத்தர் எழுதிக்கொண்டு போனார். பெரிய மாமா பக்கம் முடிந்து சம்பந்தி பக்கம் வந்ததும் யாரோ, "மைவிரலுக்கு ஒண்ணு எழுது, விட்டுடாதே" என்றார்கள். எழுதுகிறவர் பேனாவை நிறுத்தினார். பெரிய மாமாவின் இரண்டாவது மகள் வாழ்க்கைப்பட்ட வீட்டில் மூத்த மருமகள், வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறவரின் மனைவி என்று விளக்கம் சொன்னார்கள். அப்படியும் அவருக்குப் பிடிபடவில்லை. கடைசியில் மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது: "மன்னிப்புக் கடுதாசியிலே கையெழுத்துப் போட மாட்டேன்னு ஒரு வருஷம் நின்னாளே, அவதான்." எழுதுகிறவர், "ஓ, அவங்களா" என்று சொல்லி, கொஞ்சம் நல்ல கையெழுத்தாகவே எழுதினார்.

அவளுக்கு அந்தப் பெயர் வந்தது வேலையால். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் தரைக்குக் கீழே இருக்கிற துணி அறையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள். மேலே எட்டு வார்டு. எட்டு வார்டின் விரிப்பும் உறையும் போர்வையும் தினமும் கீழே வந்து, வெந்து, காய்ந்து, மடிந்து, மறுபடி மேலே போக வேண்டும். எந்தத் துணி எந்த வார்டு என்று தெரிய மூலையில் ஒரு அடையாளம் போடுவார்கள். ஆபரேஷன் அறைக்குப் பெருக்கல் குறி, பிரசவ வார்டுக்கு வட்டம், எலும்பு வார்டுக்கு ஒற்றைக் கோடு, தீக்காயத்துக்கு முக்கோணம், இப்படி எட்டு. அடையாளம் போடுகிற மை கொதிநீரில் போட்டாலும் போகாது. அது அவள் வலது ஆள்காட்டி விரலில் ஏறி உட்கார்ந்து இருபத்தாறு வருஷமும் இறங்கவே இல்லை. கல்யாணம் கருமாதிக்கு வந்தாலும் அந்தக் கறுப்பு விரலோடுதான் வருவாள். மறைத்துக்கொள்ள மாட்டாள்.

துணி அறையில் ஒரு பழக்கம் உண்டு. எந்தத் துணியாக இருந்தாலும் முதலில் மூலையில் அடையாளம், பிறகுதான் அடுக்கு. அடையாளம் இல்லாமல் அடுக்கில் வைத்தால் அன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். அதனால் அங்கே இருக்கிறவர்களுக்குக் கை தானாகவே முதலில் மூலைக்குத்தான் போகும். வீட்டில் கைக்குட்டை மடித்தாலும் மூலையைத் தேடும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வந்த வினை எல்லாம் இதிலிருந்துதான்.

நாற்பத்தெட்டு வயதில் அவளுக்கு வலது தோள் பிடித்துக்கொண்டது. ஈரத் துணி மூட்டை என்றால் கல் மூட்டை மாதிரி. வருஷத்துக்கு ஒரு முறை டாக்டர் வந்து கையைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பார். சுவரில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோடு வரை கை போகாவிட்டால் தூக்குகிற வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்குப் போகாமல் இருக்க ஒரே வழி, வார்டு கிளார்க் நாற்காலி. வார்டு வாசலில் மேஜை போட்டு, யார் வந்தார், யார் போனார், எந்தச் சோதனைக்கு எங்கே அனுப்ப வேண்டும் என்று இங்கிலீஷில் எழுதுகிற வேலை. அதற்குப் பரீட்சை உண்டு. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று விதி. ஆனால் துணி அறையிலிருந்து யாரும் எழுதியதில்லை.

இவள் படித்தது எட்டாவது வரைக்கும். பிறகு இங்கிலீஷ் எப்படி என்றால், அதுவும் துணியில்தான் வந்தது. விரிப்புச் சுருட்டலுக்குள் என்னென்னவோ வரும். மூக்குக் கண்ணாடி வரும், பல் செட்டு வரும், ஒரு தடவை உயிரோடு ஆமைக்குஞ்சு வந்தது. எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு ஆறு மாதம் வைப்பார்கள். கேட்டு வராததை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அப்படிக் கேட்பாரில்லாமல் கிடந்த ஒரு பயிற்சிப் புத்தகத்தை இவள் எடுத்துக்கொண்டாள். அட்டை போய், ஓரம் வெந்து, நடுப் பக்கங்கள் மட்டும் நல்லபடியாக இருந்தன. அந்த நடுப் பக்கங்களில் இருந்தது ஒரே பாடம்: வினைச்சொல்லுக்குப் பின்னால் எந்தச் சின்னச் சொல் வரும் என்பது. ஆன், இன், டு, ஃபார், ஆஃப், வித், அட், ஃப்ரம். எண்ணிப் பார்த்தாள். எட்டு. அண்ணாந்து பார்த்தாள். எதிரே எட்டு அடுக்கு.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். ஆபரேஷன் அறை அடுக்கு ஆன். மேஜை மேல்தானே படுக்க வைக்கிறார்கள். பிரசவ வார்டு ஆஃப். யாருடைய பிள்ளை என்பதுதானே அங்கே கேள்வி. எலும்பு வார்டு வித், கோலோடு நடக்கிறவர்கள். தீக்காயம் ஃப்ரம், அங்கிருந்து தப்பித்து வந்தால் போதும் என்று. மிச்ச நாலுக்கும் இப்படியே ஏதோ ஒரு காரணம் கண்டுபிடித்தாள். பிறகு ஒவ்வொரு வினைச்சொல்லையும் அதன் அடுக்கில் கொண்டுபோய் வைத்தாள். வைப்பதற்குச் சொந்தக்காரர்களைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டாள். டிபெண்ட் என்றால் மாமனார் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிற சின்ன நாத்தனார் புருஷன். அவன் எப்போதும் யார் மேலாவது ஏறித்தான் இருப்பான், ஆகவே ஆன். இன்சிஸ்ட் என்றால் மாமியார். நினைத்ததன் மேல் ஏறி நின்றால் இறங்க மாட்டார், அதுவும் ஆன். சஃபர் என்றால் தான், தோள்பட்டை, ஃப்ரம். லுக் இருக்கிறதே, அது ஊரெல்லாம் சம்பந்தம் வைத்திருக்கிற பெரிய குடும்பம். அட் என்றால் ஒரு அர்த்தம், ஃபார் என்றால் வேறு அர்த்தம். யாரோடு வந்திருக்கிறது என்று பார்த்துத்தான் பேச வேண்டும்.

ஒன்பதாவதாக ஒரு அடுக்கும் இருந்தது. அடையாளமே போடாத துணி, நர்ஸ்களின் சொந்தத் துண்டு, மேஜைத் துணி, இவை கிடக்கும். எந்தச் சின்னச் சொல்லும் வேண்டாம் என்கிற வினைச்சொல் சில உண்டு. டிஸ்கஸ், ரீச், என்டர், மேரி. அவை தனிக்கட்டைகள். அவற்றை அங்கே போட்டாள்.

அதே அறையில் மடிக்கிற வேலை பார்த்தவள் அவளுடைய பெரிய நாத்தனார். மூட்டையின் ஒரு முனை இவள், மறுமுனை அவள். இவள் விரிப்பை எறியும்போது வாய்க்குள் முணுமுணுப்பதைக் கேட்டு, "அண்ணிக்குத் தோள்பட்டை வலி தலைக்கு ஏறிடுச்சு" என்று மற்றவர்களிடம் சொல்லிவைத்தாள். பிறகு வாய்விட்டே கேட்டாள், இதெல்லாம் எதுக்கு என்று. இவள் சொன்னாள், நாற்காலிக்கு. நாத்தனார் சிரித்துவிட்டு, அப்படியானால் நானும் எழுதுகிறேன், நாற்காலி எனக்கு மட்டும் முள்ளா என்று அவளும் பெயர் கொடுத்தாள்.

மூன்று வருஷம் இப்படி அடுக்கினாள். பரீட்சை நாளில் ஏழு பேர் உட்கார்ந்தார்கள். ரெக்கார்டு அறையில் இருக்கிற பட்டதாரிகள் இருவர், வெளிவாசல் உதவியாளர்கள் மூவர், இவர்கள் இருவர். நாற்பது வாக்கியம், வினைச்சொல்லுக்குப் பின்னால் நாற்பது காலி இடம். நாத்தனார் பத்து நிமிஷத்தில் எழுந்து வந்துவிட்டாள். "எல்லாத்துக்கும் டு போட்டேன். எது பொருந்துதோ பொருந்தட்டும்" என்றாள். ஆறு பொருந்தியிருந்தது.

இவள் மணி அடிக்கும் வரை உட்கார்ந்து எழுதினாள்.

ஒரு வாரம் கழித்துப் பலகையில் தாள் ஒட்டினார்கள். ஆறு பேருக்கு மதிப்பெண். அதிகம் இருபத்தெட்டு. இவள் எண்ணுக்கு நேரே "நிறுத்திவைக்கப்பட்டது" என்று எழுதியிருந்தது. மேலே அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள்.

அங்கே பெரிய கிளார்க் உட்கார்ந்திருந்தார். அலுவலகத்துக்கே தலைமை, விதிப் புத்தகத்தைத் தலைகீழாகச் சொல்லுவார் என்று பேர். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. ஆனால் தனக்குத் தெரியாதது ஒன்று உலகத்தில் இருக்க முடியாது என்று நினைக்கிற மனிதர். இவளுடைய விடைத்தாளைத் திருப்பி வைத்தார். நாற்பதுக்கு நாற்பது சரி. ஒவ்வொரு வாக்கியத்தின் மூலையிலும் ஒரு சின்ன அடையாளம். பெருக்கல், வட்டம், கோடு, முக்கோணம்.

கை போன போக்கு. இருபத்தைந்து வருஷத்துக் கை, அடுக்கில் வைக்கும் முன்னே மூலையில் போட்டுவிட்டது. அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

பெரிய கிளார்க் கேட்டார், இந்தச் சங்கேதம் யார் கொடுத்தது என்று. விடையை இப்படிக் குறியாக எழுதி யாரோ முன்னமே கொடுத்திருக்கிறார்கள், எட்டாவது படித்தவள் பட்டதாரியைத் தாண்டுவதற்கு வேறு வழியே இல்லை என்றார். இவள், அது அடுக்கு என்றாள். அவருக்குப் புரியவில்லை. துணி அடுக்கு, கீழே வந்து பாருங்கள் என்றாள். பத்தொன்பது வருஷமாக அந்தக் கட்டடத்தில் இருக்கிறவர் துணி அறைக்கு ஒரு நாளும் இறங்கியதில்லை. அன்றைக்கும் இறங்கவில்லை.

இறங்கியது தலைமை நர்ஸ். வார்டு கிளார்க் இல்லாமல் திண்டாடிக்கொண்டிருந்தவர். ஆள் தேறினால் போதும் என்று இருந்தார். விடைத்தாளை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, இவளைப் பரீட்சைக்கு உட்காரச் சொன்னார். உட்கார நேரமில்லை சிஸ்டர், மூணு வண்டி துணி நிக்குது, நீங்க கேளுங்க, நான் அடுக்கிக்கிட்டே சொல்றேன் என்றாள்.

தலைமை நர்ஸ் ஒரு வினைச்சொல் சொல்வார். இவள் கையில் இருக்கிற துணியை அந்த அடுக்கில் எறிவாள். கன்சிஸ்ட் என்றதும் விரிப்பு பிரசவ வார்டு அடுக்கில் போய் விழுந்தது. தாளில் இருந்ததெல்லாம் தீர்ந்து தலைமை நர்ஸ் தன் மனசிலிருந்து கேட்க ஆரம்பித்தார். ரிலை, ஆபரேஷன் அறை. பிலாங், வெளிநோயாளர் அடுக்கு, அதுதான் டு. துணி அறையே மடிப்பதை விட்டுவிட்டுப் பார்த்தது. கடைசியில் தலைமை நர்ஸ் மேரி என்றார். கல்யாணம் செய்துகொள்வது. துண்டு ஒன்பதாவது அடுக்கில் போய் விழுந்தது.

"அதுக்கு ஒண்ணும் வேணாமா?" என்றார் தலைமை நர்ஸ், சும்மா சீண்டிப் பார்க்க.

"கல்யாணத்துக்கே துணை வேணாம்னு வெச்சிருக்காங்க சிஸ்டர். நம்ம வீட்டிலேயும் அப்படி இருந்தா எவ்வளவோ சௌகரியம்."

நாத்தனார் சிரித்த சிரிப்பில் மடித்த விரிப்பெல்லாம் கலைந்தது.

சந்தேகம் தீர்ந்தது என்று எல்லாரும் நினைத்தார்கள். தலைமை நர்ஸ் மேலே போய்ச் சொல்லிவிட்டும் வந்தார். மறுநாள் மறுபடி கூப்பிட்டார்கள். மேஜை மேல் இரண்டு தாள். அடியில் இருப்பது வேலை உத்தரவு என்பது எட்டிப் பார்த்தாலே தெரிந்தது, பெண்கள் வார்டு, மூன்றாம் மாடி. மேலே இருப்பது ஒரு கடிதம். பெரிய கிளார்க் இந்தத் தடவை மரியாதையாகவே பேசினார். காப்பியடித்தாய் என்று நான் சொல்லவில்லை, ஆனால் விடைத்தாளில் வேறு குறி போடக்கூடாது என்று விதி இருக்கிறது, மீறியதற்கு ஒரு மன்னிப்பு, கோப்புக்கு வேண்டும், கையெழுத்துப் போட்டால் அடியில் இருப்பதை எடுத்துக்கொண்டு போகலாம் என்றார்.

அவள் கையெழுத்துப் போடத்தான் இருந்தாள். பேனாவைக்கூட எடுத்துவிட்டாள். ஆனால் மூன்று வருஷமாகப் படிக்கப் பழகிய கண் சும்மா இருக்குமா? மெதுவாக வாசித்தாள். இரண்டாவது வரியில், தேர்வில் முறைகேடு செய்ததை ஒப்புக்கொள்கிறேன் என்று இருந்தது. பேனாவைக் கீழே வைத்தாள்.

"இந்த வரியை அடிச்சிட்டுக் குடுங்க, போடறேன்."

"அடிக்க முடியாதும்மா. அது அச்சடிச்ச வாசகம். எல்லாருக்கும் அதேதான்."

"எல்லாரும் செஞ்சிருக்கலாம். நான் செய்யலீங்க. விதி தெரியாம குறி போட்டேன்னு எழுதுங்க, அது நெசம். இப்ப எழுதியிருக்கறதுல கையெழுத்துப் போட்டா, என் நாப்பதும் திருட்டு நாப்பதாயிடும். அந்த நாற்காலியில திருடியாத்தான் உக்காரணும்."

பெரிய கிளார்க் விதிப் புத்தகத்தைத் தொட்டுக் காட்டினார். அவள் எழுந்து நின்றாள். அவசரமில்லை, யோசித்துவிட்டு வா, முப்பது நாள் இருக்கிறது என்றார். யோசிச்சாச்சு, நீங்க யோசிங்க என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி வந்தாள்.

அந்த முப்பது நாளும் யார்தான் போடச் சொல்லவில்லை? ஓரகத்தி சொன்னாள். மாமியார் சொன்னார், அதாவது இன்சிஸ்ட் செய்தார். நாத்தனார் மூட்டையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டே தினமும் சொன்னாள்: "அண்ணி, ஒரு கையெழுத்து. அந்தக் கடுதாசியை யார் படிக்கப்போறாங்க? பேசாம போட்டுட்டு மேலே போய் உக்காருங்க."

"நான் படிச்சிட்டேனே" என்றாள் இவள்.

புருஷன் அதிகம் பேசாதவர். வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்துக் கண்ணைச் சுருக்கியே இருப்பார். சாயங்காலம் அவள் தோளுக்குத் தைலம் தேய்க்கும்போது ஒரே ஒரு நாள் கேட்டார்.

"போட்டா நாற்காலி. போடலேன்னா இந்தத் தோள். எது?"

"தோள் என்னோடது. அந்த வரி என்னோடது இல்லை."

அவர் இன்னும் கொஞ்சம் தைலம் ஊற்றிக்கொண்டார். அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. வீட்டில் வேறு யாரையும் எடுக்கவும் விடவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்த நாற்காலி இருபத்தெட்டு வாங்கிய பட்டதாரிக்குப் போனது.

அந்த வருஷம் எப்படிப் போனது என்பதை அவள் சொல்லிக் கேட்டவர் கிடையாது. நாத்தனார்தான் பிறகு சொன்னாள். வலது கை மூட்டையைத் தொடுவது போலத் தொடும், கனமெல்லாம் இடது கையில்தான். மறுமுனையில் நாத்தனார் தன் பங்குக்கு மேலேயே தூக்கினாள், தூக்கிக்கொண்டே திட்டினாள். நடுவில் டாக்டர் வந்தார். சுவரில் கோடு. கையைத் தூக்கம்மா என்றார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினாள். தோளுக்குள் ஏதோ கிழிகிற மாதிரி இருந்ததாம். கோட்டைத் தொட்டது அந்தக் கறுப்பு விரல்நுனி மட்டும்தான். டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், இன்னும் ஆறு மாதம் வேலை பார்க்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று எழுதிவிட்டுப் போனார். அவள் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டாள். நாத்தனார் பக்கத்தில் போய் நின்றாள். இப்பவும் போய்ப் போடலாம் அண்ணி, அந்தாள் கடுதாசியைக் கோப்பிலேயேதான் வெச்சிருக்காராம் என்றாள். இவள் எழுந்து, வண்டி நிக்குது வா என்று முன்னால் நடந்தாள்.

நடைவழியில் பெரிய கிளார்க் எதிரே வருவார். மற்றவர்கள் ஒதுங்குவார்கள். இவள் ஒதுங்க மாட்டாள், முறைக்கவும் மாட்டாள். வணக்கம் சொல்லிவிட்டு நேராக நடப்பாள். அந்த வணக்கம்தான் அவருக்குத் தாங்கவில்லை என்று அலுவலகப் பியூன் சொல்லிச் சிரிப்பான்.

ஆறு மாதம் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது மறுபடி பரீட்சை வந்தது. எலும்பு வார்டு மேஜை காலியாகியிருந்தது. இவள் பெயர் கொடுத்தாள். நாத்தனாரும் கொடுத்தாள், இந்தத் தடவை எல்லாவற்றுக்கும் ஆன் போட்டுப் பார்ப்பதாகத் திட்டம். கேள்வித்தாள் வந்தது. தலைப்புக்குக் கீழே முன்பு இல்லாத ஒரு வரி புதிதாக அச்சாகியிருந்தது: எழுதுகிறவர்கள் தங்கள் வசதிக்கு ஓரத்தில் குறி போட்டுக்கொள்ளலாம். ஏன் வந்தது, யார் சேர்த்தது என்று யாரும் சொல்லவில்லை. தலைமை நர்ஸ் பரீட்சைக் கூடத்து வாசலில் நின்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் அந்த வரியை இரண்டு தடவை வாசித்தாள். பிறகு பையிலிருந்து துணி அறை மைப் பேனாவை எடுத்தாள். கொதிநீரில் போகாத மை. விடையைச் சாதாரணப் பேனாவில் எழுதினாள். மூலை அடையாளத்தை மட்டும் அந்த மையில், போன தடவையைவிட இரண்டு பங்கு பெரிதாக, தாளின் மறுபக்கம் ஊறும்படி போட்டாள். நாற்பதுக்கும் போட்டாள். கண்காணிக்க வந்தவர் குனிந்து பார்த்தார். அவள் விரலால் அந்தப் புது வரியைத் தொட்டுக் காட்டினாள்.

மதிப்பெண் முப்பத்தொன்பது. அந்த ஒன்று எது என்று கேட்டாள். விடைத்தாளைத் திருப்பிக் காட்டுகிற வழக்கமில்லை என்றார்கள். எழுதிக் கொடுத்துக் கேட்டாள். பதில் வரவில்லை. இன்னும் வருஷத்துக்கு ஒரு முறை எழுதிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

வேலை உத்தரவைக் கொடுத்தது பெரிய கிளார்க்தான். மேலே வேறு தாள் எதுவும் இல்லை. இருந்தாலும் அவள் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டாள். அவர் கேட்டார், திருப்திதானே என்று. அவள், "கோப்புல இருக்கற பழைய கடுதாசியைக் கிழிச்சிடாதீங்க. கையெழுத்து இல்லாம அது அங்கேயே கிடக்கட்டும்" என்றாள்.

மூன்று வருஷம் கழித்து அவர் ஓய்வு பெற்றுப் போனார். கடிதம் கோப்பில் இருக்கிறது, பார்த்தவர்கள் இருக்கிறார்கள். துணி அறையிலிருந்து அதற்கப்புறம் நாலு பேர் பரீட்சை எழுதினார்கள், இரண்டு பேர் தேறினார்கள். நாத்தனார் அந்த இரண்டில் இல்லை. இப்போதும் மடித்துக்கொண்டுதான் இருக்கிறாள். எண்ணிக்கை ஆறிலிருந்து பதினேழுக்கு ஏறியிருக்கிறது, அதில் அவளுக்கு ரொம்பப் பெருமை.

மைவிரலின் வலது கை இப்போது தோளுக்கு மேலே போவதில்லை. எலும்பு வார்டு வாசலில், காலை ஏழிலிருந்து மத்தியானம் மூன்று வரை, மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறாள்.